கோயிலும் கூத்துக்களரியும்

கிறித்தவத் திருச்சபை தன்னைச் சூழ்ந்துள்ள பண்பாட்டுக்கு இசைந்து ஒழுகுதல் வேண்டுமா என்னும் வினா, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்ட நாள்தொட்டு, ஆசிய நாடுகளின் குருமடங்களிலும் மாநாட்டு மண்டபங்களிலும் ஓயாது எழுப்பப்பட்டு வருகின்றது. வினா பெரும்பாலும் விடையுடனேயே பிறக்கின்றது. இசைதல் வேண்டும் என்போர் குத்துவிளக்கையும் ஆரத்தியையும் வீணையையும் எடுத்துக்காட்டுவர். கூடாது என்போர் இவையெல்லாம் புறச்சமயச் சின்னங்கள் என்று அஞ்சுவர். ஆயினும் ஒரு விடயத்தில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். திருச்சபை ஒருபுறம் நிற்கின்றது, பண்பாடு மறுபுறம் நிற்கின்றது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வைப்பது என்பதே சிக்கல் என்று இருவரும் கருதுகின்றனர். அந்தப் பண்பாடு எவருடையது, அது எந்த வர்க்கத்தின் முற்றத்தில் வளர்ந்தது, இசைவு எவர் கையால் நடந்தது என்று கேட்பார் அருகினர்.

மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் அறிந்த ஒருவர் இக்கேள்விகளைக் கேளாது இவ்விவாதத்தில் ஓர் அடியேனும் வைத்தல் இயலாது. தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு எனக் கடலோரம் நெடுகக் கிடக்கும் ஊர்களில் கிறித்தவம் நேற்று வந்த விருந்தாளியன்று. 1544இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார் மக்கள் திருமுழுக்குப் பெற்றதும், யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அவர்களுள் 600 பேரளவில் வெட்டி வீழ்த்தியதும் பலமுறை எழுதப்பட்ட செய்திகள். மதம் மாறிய கரையோர மக்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடுவர் என்ற அச்சம் மன்னனுக்கு இருந்தது. அவ்வச்சம் வீணானதன்று என்பதை 1560இல் மன்னாரில் எழுந்த போர்த்துக்கேயர் கோட்டை மெய்ப்பித்தது. இறந்தவர்களோ முத்துக்குளித்தும் வலையிழுத்தும் வாழ்ந்த ஏழைகள். முடியரசுக்கும் வணிகப் பேரரசுக்கும் நடந்த போட்டியில் ஏழைகள் சாட்சிகளாக்கப்பட்டனர் என்பதே அந்நிகழ்ச்சியின் வரலாற்றுப் பொருள். பக்தி இலக்கியம் இதனைச் சொல்லுவதில்லை.

1560க்குப் பின் புன்னைக்காயலிலிருந்து பரதவர் குடும்பங்கள் மன்னாருக்குக் குடிபெயர்ந்தன. அவர்களோடு வந்து சில காலம் இங்குப் பணிபுரிந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவருடைய நூல். இந்திய மொழி எழுத்தில் அச்சிடப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் அதுவே மிகப் பழையது. அந்நூலின் பெயரை ஊன்றி நோக்குதல் நன்று. இலத்தீனிலிருந்தும் போர்த்துக்கேய மொழியிலிருந்தும் எத்தனையோ சொற்களை அப்படியே பெயர்த்துவந்த அடிகளார், கடவுளைக் குறிக்குமிடத்துச் சைவ மடத்தாருக்கும் பழகிய 'தம்பிரான்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டார். பண்பாட்டுக்கு இசைதல் பற்றிய கொள்கை எதுவும் அன்று எழுதப்படவில்லை. கேட்போருக்கு விளங்க வேண்டும் என்னும் தேவை ஒன்றே இருந்தது.

ஆனால் நாம் கருத்தூன்ற வேண்டிய காலம் இதற்குப் பின்னர் வருகின்றது. 1658இல் மன்னாரை ஒல்லாந்தர் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர், வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்நிலத்தில் குருவானவர் இல்லை, ஆயர் இல்லை, பூசை இல்லை. எனினும் சமயம் அழியவில்லை. மாந்தையிலிருந்த மாதாவின் சுருவத்தை 1670ஆம் ஆண்டளவில் காட்டு வழியே சுமந்துசென்று மடுவில் வைத்தவர்கள் சாதாரண மக்களே. மூப்பரும் சங்கிலித்தாமும் செபம் சொல்லித் தந்த தாய்மாரும் சேர்ந்து கட்டிக்காத்த சமயம் அது. திருச்சபை பண்பாட்டுக்கு இசைய வேண்டுமா என்று கேட்போர் இம்முப்பது ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர். அக்காலத்தில் மன்னாரில் திருச்சபை என்பது இம்மக்கள்தாம், பண்பாடு என்பதும் இம்மக்கள்தாம். எதை எதற்கு இசைவிப்பது?

இந்த இசைவின் தடயம் மொழியில் தெளிவாகப் பதிந்துள்ளது. சந்தியாகு சந்தியோகு ஆனார். செபஸ்தியான் வஸ்தியான் ஆகி, 'பிள்ளை' சேர்ந்து வஸ்தியாம்பிள்ளையாகவும் விளங்கினார். சவேரியார் சவிரி ஆனார். பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் 'பசாம்' என்றாகி, தவக்காலத்து இராப்பொழுதுகளில் பாட்டிமார் வாயில் தமிழ்ச்சொல்லாகவே வழங்கிற்று. குருசும் கொம்பிரியாவும் அவ்வாறே. ஆலயத்துக்கோ வேறு சொல் தேடப்படவில்லை. சைவருக்கும் அது கோயில், கத்தோலிக்கருக்கும் அது கோயில். வேற்றுமொழிச் சொல் தமிழுக்குள் வருங்கால் தமிழோசை பெற்று வரவேண்டும் என்று இலக்கணம் படித்த நாம் விதி சொல்லுகிறோம். நன்னூலின் பக்கம் போகாத கரைவலைத் தொழிலாளி அவ்விதியை நாவினால் நிறைவேற்றிவிட்டான். பிற்காலத்தில் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஆங்கில உச்சரிப்புப் பெயர்கள் புகுந்தபொழுது, அதை நாகரிகம் என்று எண்ணியவர்கள் படித்தவர்களாகிய நாமே.

கடலிலும் இதே கதையைக் காணலாம். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறா தீண்டாதபடி மந்திரம் சொல்லும் கடல்கட்டி, பிரித்தானிய அரசாங்கத்திடமே ஊதியம் பெற்றுவந்தார். அப்பதவியில் தம் காலத்தில் இருந்தவர் கத்தோலிக்கர் என்று 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் டெனன்ற் குறிப்பிட்டுள்ளார். மந்திரம் வேலை செய்ததா என்பது நம் ஆராய்ச்சிக்கு வேண்டாதது. மூச்சடக்கிக் கடலின் அடியில் இறங்கும் கூலிக்குக் காப்புறுதியும் இல்லை, வைத்தியரும் இல்லை. அந்நிலையில் மந்திரமும் செபமாலையும் ஒரே கையில் இருந்ததை மூடநம்பிக்கை என்று மட்டும் தள்ளுவது, அந்த உழைப்பின் நிலைமையைக் காண மறுப்பதாகும்.

இனிக் கூத்துக்கு வருவோம். மன்னார்க் கத்தோலிக்க மக்களின் ஆக்கத்திறன் முழுவதும் ஒருங்கே திரண்ட இடம் கூத்துக்களரியே. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இங்கு இருவகை மரபுகள் வழங்கின. விடிய விடிய ஆடப்படும் நாடகமும், வாசகப்பா என்னும் வாசாப்பும் இங்கு வளர்ந்தன. இவற்றுள் மூன்று ஏடுகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்து வெளியிட்டார். 'என்றிக் எம்பரதோர் நாடகம்' 1964இலும், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இலும், 'ஞானசவுந்தரி நாடகம்' 1967இலும் அச்சேறின. அதுவரை அண்ணாவிமார் வீட்டுப் பெட்டிகளில் கறையானுக்கு அஞ்சிக் கிடந்த எழுத்துக்கு அப்பதிப்புக்கள் உயிர் கொடுத்தன. அதற்காகத் தமிழ் கூறும் நல்லுலகம் அவருக்குக் கடப்பாடுடையது. ஆனால் அவர் பேராதனையில் நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டு அளித்த 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகிய நான்கும் மட்டக்களப்பு மரபினைச் சார்ந்தவை. மன்னார் ஏடு அச்சு வாகனம் ஏறிற்று, அந்த மேடை ஏறவில்லை. இவ்வேறுபாட்டை நம் விமர்சகர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

நாடகங்களின் உள்ளடக்கத்தை நோக்குமிடத்து முதலில் வியப்பே தோன்றும். எம்பரதோர் என்றால் சக்கரவர்த்தி. செருமானிய நாட்டுச் சக்கரவர்த்தி மன்னார் மணற்பரப்பில் விருத்தம் பாடி வரவு கொடுக்கின்றான். அவனுக்கு முன்னே கட்டியக்காரன் வந்து கட்டியம் கூறுகின்றான். அரசன் கொலுவீற்றிருக்கிறான், மந்திரி மதியுரைக்கிறான், கொச்சகமும் தருவும் மாறிமாறி வருகின்றன, மத்தளத்துக்குத் தக்க ஆட்டம் நடக்கின்றது. கதை ஐரோப்பியக் கதை, உடல் தமிழ்க் கூத்தின் உடல். சிற்றன்னையின் வஞ்சத்தால் கைகள் வெட்டுண்டு காட்டில் அலையும் ஞானசவுந்தரியின் கதையும் கடல் கடந்து வந்ததே. எனினும் நல்லதங்காள் கதை கேட்டுக் கண்ணீர் விட்ட கூட்டத்துக்கு அவள் அந்நியப் பெண்ணாகத் தோன்றவில்லை. 1948ஆம் ஆண்டு ஒரே கதையை இரு படநிறுவனங்கள் போட்டியிட்டுத் தமிழில் திரைப்படமாக்கியமை, அக்கதை சமய எல்லையைக் கடந்து எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்குச் சான்று.

கூத்தை இவ்வாறு போற்றும்பொழுது அதனைத் தூய மக்கட்கலை என்று கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுதல் விமர்சனமாகாது. இந்நாடகங்களின் உலகம் முடியாட்சியின் உலகம். நல்ல அரசன், தீய அரசன் என்ற பிரிவு உண்டே தவிர, அரசன் ஏன் என்ற கேள்வி இல்லை. வேற்றுமதத்தவன் பெரும்பாலும் பகைவனாகவே வருவான். பெண் வேடமும் ஆண்களுக்கே உரியதாயிற்று. கூத்துக் குழு சாதிக் குழுவாகவே இயங்கும் நிலை ஈழத்துக் கூத்து மரபுகளில் பரவலாகக் காணப்பட்டது, கத்தோலிக்கக் கூத்தும் அதற்கு முற்றும் விலக்கன்று. உடுப்புக்கும் கொட்டகைக்கும் பணம் வேண்டும். பணம் சம்மாட்டியின் மடியில் இருக்கும். களரியில் முன்வரிசைப் பாய் யாருக்கு என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆயினும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. பகல் முழுதும் பிறன் வலையை இழுத்தவன் இரவில் சக்கரவர்த்தியாக நின்று, சம்மாட்டியும் பங்குச்சாமியாரும் கீழே அமர்ந்திருக்கத் தலைநிமிர்ந்து பாடினான். அந்த இரவு எதையும் மாற்றவில்லை. ஆனால் அவனுடைய குரலும் நினைவாற்றலும் தாள அறிவும் அவனுடையவையாகவே இருந்தன.

வடிவம் தமிழாக இருப்பதனாலேயே ஓர் ஆக்கம் மக்கள் சார்பானதாகிவிடும் என்று நம்புவோர் 'ஞானப்பள்ளு'வைப் படித்தல் நன்று. பள்ளு என்பது உழுதொழிலாளரின் வாழ்வை உட்கொண்ட சிற்றிலக்கியம். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்த இக்கத்தோலிக்கப் பள்ளு அவ்வடிவத்தைத் திறம்படக் கையாளுகின்றது. நாற்றும் ஏரும் மழையும் குயிலும் எல்லாம் உண்டு. உடன், போர்த்துக்கல் மன்னனுக்கு வாழ்த்தும் உண்டு. வரிச்சுமையாலும் கட்டாய ஊழியத்தாலும் நசுக்குண்ட உழவனின் வாயிலேயே அந்த அரசனுக்கு வாழ்த்தை வைத்த புலவரைப் 'பண்பாட்டுக்கு இசைந்தவர்' என்று சொன்னால் மறுப்பதற்கில்லை. நன்றாகவே இசைந்திருக்கிறார். 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் பாடிய 'சந்தியோகுமையோர் அம்மானை'யும் மக்கள் வடிவம் ஒன்றையே எடுத்தது. இவற்றின் தமிழழகை ஒப்புக்கொண்டே இவற்றின் அரசியலை நாம் வினவவேண்டும்.

இவ்விவாதத்தில் எவரும் தவறாது எடுத்தாளும் பெயர் றோபேட்டோ டி நொபிலி. 1606இல் மதுரை வந்த இத்தாலியர் காவியுடுத்து, புலால் நீத்து, பிராமணச் சமையற்காரரை வைத்து, பூணூலணிந்து வாழ்ந்ததைப் பண்பாட்டு இசைவின் பொற்காலமாகச் சித்திரிப்பது வழக்கம். அவருடைய தமிழ்ப் புலமையும் உரைநடைத் தொண்டும் ஐயத்துக்கிடமின்றிப் பெரியன. ஆனால் அவர் எதற்கு இசைந்தார்? பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, குலத்தின் சமூகச் சின்னங்கள் என்பதே அவர் வாதம். 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அதனைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். இந்தத் தருக்கத்தின் விளைவை ஆழ்ந்து நோக்குக. ஒரு வழக்கம் சமயமென்றால் திருச்சபைக்கு ஆகாது, 'வெறும் சமூகப் பண்பாடு' என்றால் ஆகும். சாதியை வெறும் சமூகப் பண்பாடு என்று சொல்லிவிட்டால் அது கோயிலுக்குள் வந்து அமர்ந்துகொள்ளலாம். உயர்சாதியாருக்கு ஒரு சந்நியாசி, தாழ்த்தப்பட்டோருக்குப் பண்டாரசாமி என்று பின்னர்க் குருமாரே இரு வகையாயினர்.

உரோமையிலிருந்து வந்த எதிர்ப்பும் பெரும்பாலும் சிலைவழிபாட்டு அச்சத்தினாலேயே எழுந்தது. ஓரிடத்தில் மட்டும் வேறு குரல் கேட்கிறது. 1704இல் தூர்நோன் என்னும் பாப்பிறைத் தூதர் விடுத்த ஆணை, பறையர் என ஒதுக்கப்பட்டவர்களின் வீட்டுக்குச் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனம் வழங்க மிஷனரிகள் மறுத்தலைக் கண்டித்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் இச்சடங்குகள் பற்றிய இறுதி முடிவை அறிவித்தார். தாழ்த்தப்பட்டோர் பணிக்குக் கண்ட தீர்வு யாது? அவர்களுக்கென்றே தனிக் குருமாரை நியமிப்பது! திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கொரு கூடமாக இருகால் விரித்து நின்ற கோயிலும், அதன் நடுச்சுவர் இடிக்கப்படுவதற்கு 1910 வரை காத்திருக்க நேர்ந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. பண்பாடு என்ற சொல்லின் நிழலில் எவ்வளவு அநீதி இளைப்பாற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

நமது காலத்துக்கு வருவோம். வத்திக்கான் சங்கத்தின் பின் தாய்மொழி வழிபாடு வந்தது. இது மாபெரும் முன்னேற்றம், இதனை எவரும் குறைகூற இயலாது. இந்தியாவில் 1969இல் வழிபாட்டுக்கெனப் பன்னிரண்டு இசைவுகள் அங்கீகரிக்கப்பட்டன. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், விளக்கு, தூபம், ஆரத்தி முதலியன அவற்றுள் அடங்கும். இப்பட்டியலில் உழைக்கும் மக்களின் வாழ்விலிருந்து வந்தது எது? கோயிற் கருவறையும் உயர்குடி இல்லமும் தந்தவையே மிகுதி. நம் நாட்டிலும் ஆங்கிலிக்கத் திருச்சபையார் கண்டி திரித்துவக் கல்லூரியில் 1935இல் அபிடேகம் செய்த சிற்றாலயம் சுதேசக் கலைக்குப் பெரும் எடுத்துக்காட்டாகப் புகழப்படும். அழகிய கட்டடம், கற்றூண்களின் செதுக்கு வேலைப்பாடு கண்ணைக் கவரும். ஆனால் அதற்கு முன்மாதிரி கண்டி மன்னரின் கொலுமண்டபம். குடியானவனின் மண்வீட்டுத் திண்ணையை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சுதேசியம் என்று சொல்லும்பொழுதும் மனம் அரண்மனைக்கே போகின்றது.

மன்னாரிலும் வடபுலத்துப் பங்குகளிலும் இன்று பெருநாட் பூசையில் காணிக்கைப் பவனியின்போது மாணவியர் பரதம் ஆடி வருவதைக் காண்கிறோம். பாடகர் குழுவில் கருநாடக இராகங்கள் ஒலிக்கின்றன. இவற்றில் எனக்கு வெறுப்பில்லை, பரதமும் தமிழர் செல்வமே. ஆயினும் நானூறு ஆண்டுகளாகச் சந்தியோகுவையும் செபஸ்தியானையும் ஆடிப் பாடிய கூத்தனின் காலடி ஏன் பீடத்தை நெருங்குவதில்லை? அவன் கோயில் வளவின் மணலில், பூசை முடிந்தபின், இரவில் ஆடுபவன். தன்னிடமே இருந்த பண்பாட்டை வெளியே நிறுத்திவிட்டுச் சென்னைச் சபாக்களிலிருந்து பண்பாட்டை வரவழைப்பதற்குப் பெயர் இசைவா? யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ஒப்பாரியை ஒத்த ஓசையில் ஊரவராலேயே இசைத்து வாசிக்கப்படுவது. குரல் கம்ம, பெண்கள் விம்ம, ஒரு பிணத்தைச் சுற்றி ஊர் கூடியிருப்பது போன்ற அந்த இரவுகளை ஒலிபெருக்கிப் பாடற்குழுக்கள் விரைவில் விழுங்கிவிடும் போலத் தோன்றுகின்றது. கொன்சால்வெஸ் கொங்கணி பேசிய கோவாக்காரர் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். அயலாராகிய அவர் நமது இழவுவீட்டு ஓசைக்கு இடமளித்தார், நமக்கோ அது நாகரிகக் குறைவாகப்படுகிறது.

தமிழகத்தில் இதே முரண்பாட்டை நேருக்குநேர் எதிர்கொண்டவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு. 2005இல் மறைந்த அவரைப் பறட்டை என்றால் மாணவர் அறிவர். கருநாடக இசைக் கீர்த்தனைகள் தமிழ்க் கிறித்தவத்தின் பெருமையாகக் கருதப்பட்ட சூழலில், நாட்டார் இசையிலும் பேச்சுத் தமிழிலும் வழிபாட்டை அமைத்தார். இழிவென ஒதுக்கப்பட்ட பறையின் ஒலியை இறைவன் சந்நிதியில் எழச் செய்தார். சகோதரத் திருச்சபை ஒன்றில் நடந்த இம்முயற்சி மன்னார்க் கத்தோலிக்கருக்குப் பாடமாகாது என்று எவரும் கருதவேண்டியதில்லை. களனியில் 'துலான' ஆய்வகத்தை நிறுவிய அலோசியஸ் பீரிஸ் அடிகளாரும், 1988இல் நூலாக வெளிவந்த தம் கட்டுரைகளில், ஆசியாவின் இரு பெரும் உண்மைகள் அதன் பல்சமய நெறியும் அதன் வறுமையுமே என்று வாதிட்டார். வறுமையைத் தொடாத பண்பாட்டு இசைவு ஒப்பனையாகிவிடும் என்பது அவ்வாதத்திலிருந்து பெறப்படும் முடிவு.

சுற்றுப்புறப் பண்பாடு என்பது சுற்றுப்புறத்து மனிதரையும் உள்ளடக்கும். இவ்விடத்து ஒரு கசப்பான நிகழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது கோழைத்தனம். மாதோட்டத்தில் தேவாரப் பாடல் பெற்ற திருக்கேதீஸ்வரம் உள்ளது. போர்த்துக்கேயர் காலத்தில் இடிக்கப்பட்டுப் பின்னர் மீள எழுந்த கோயில் அது. 2019 மார்ச் மாதத் தொடக்கத்தில், சிவராத்திரியை முன்னிட்டு அக்கோயிலுக்குச் செல்லும் வழியில் நிறுத்தப்பட்ட அலங்கார வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி வீழ்த்தினர். காணி எவருடையது, அனுமதி யார் கொடுத்தது என்று வாதங்கள் எழுந்தன. அவ்வாதங்கள் எவ்வாறிருப்பினும், அயலவனின் விளக்கையும் ஆரத்தியையும் பீடத்தில் ஏற்றிவைக்கும் ஒரு சமூகம் அயலவனின் வளைவைத் தெருவில் சாய்க்குமாயின், அந்த விளக்கு எதை வெளிச்சமாக்குகின்றது? சின்னங்களைக் கடன் வாங்குதல் எளிது. வாங்கிய வீட்டாரோடு வாழ்வது கடினம். மறுபுறம், சைவர் சிலர், கத்தோலிக்கர் தமிழ்ச் சின்னங்களைக் கையாளுவதே மதமாற்றத் தந்திரம் என்று குற்றஞ்சாட்டுகின்றனர். தமிழ் முழுவதையும் ஒரு சமயத்தின் பெயரில் உறுதி எழுதிவைக்கும் இந்த மனப்பான்மையையும் நாம் மறுத்தே ஆகவேண்டும். அந்தோனியையும் சந்தியோகுவையும் பாடிய வாய் தமிழ் வாயே. எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் முனாஜாத்துப் பாடிய வாயும் அவ்வாறே. 1990 ஒக்டோபரில் அம்முஸ்லிம் மக்கள் வடபுலத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபொழுது சுற்றுப்புறப் பண்பாட்டின் ஒரு கூறே வெட்டியெறியப்பட்டது. மன்னாரின் பண்பாட்டைப் பற்றிப் பேசுவோர் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுதல் நேர்மையாகாது.

போரின் ஆண்டுகளில் மன்னார்த் திருச்சபை தன் மக்களின் நிலைக்கு இசைந்த விதம் வேறு வகையானது. 1985 சனவரியில் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். தொண்ணூறுகளில் மடுக் கோயில் வளவு ஆயிரக்கணக்கான அகதிகளின் ஊராயிற்று. 1999 நவம்பர் 20 அன்று அங்கு வீழ்ந்த எறிகணைகளால் 40 பேரளவில் மாண்டனர். 2006 யூனில் பேசாலைக் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்தோர்மீது கைக்குண்டு வீசப்பட்டது. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். அதன்பின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். ஒரு கழித்தற் கணக்கு அது. வழிபாட்டு இசைவு பற்றிய எந்தப் பட்டியலிலும் அது இடம்பெறாது. 2021 ஏப்ரலில் அவர் மறையும்வரை அக்கேள்விக்கு அரசு விடையளிக்கவில்லை. அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் எல்லாவற்றோடும் ஒருவர் உடன்படவேண்டியதில்லை. ஆனால் 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபொழுது கூடியிருந்த தாய்மார், அந்தக் கணக்கில் தங்கள் வீட்டு எண்ணைத் தேடியவர்கள்.

ஆகவே நமது கோரிக்கை, கூத்தைப் பூசைக்குள் கொண்டுவந்து ஐந்து நிமிட அலங்காரமாக்குங்கள் என்பதன்று. அவ்வாறு செய்தால் கூத்தும் கெடும், பூசையும் கெடும். பேசாலையில் உடக்குப் பாஸ் என வழங்கும் மரபு எண்ணத்தக்கது. இயேசுவின் பாடுகளைப் பாவைச் சுருவங்களைக் கொண்டு நிகழ்த்திய அவ்வூரவர் எந்தக் குழுவின் அனுமதிக்கும் காத்திருந்து அதனைப் படைக்கவில்லை. இன்று வழிபாட்டுக் குழுக்களில் குருவானவர் இருப்பார், துறவியர் இருப்பர், ஆசிரியராகிய நம்மில் இருவர் இருப்பர். அண்ணாவியார் இருப்பதில்லை, வலைத்தொழிலாளி இருப்பதில்லை. பசாம் வாசிக்கும் கிழவி அங்கே தேநீர் கொண்டுவருபவளாக இருக்கக்கூடும்.

பாடசாலைகளிலோ உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். என் மாணவர் மாதோட்டப் பாங்குக்கும் யாழ்ப்பாணப் பாங்குக்கும் உள்ள வேறுபாடுகளைக் குறிப்புக் கொப்பியிலிருந்து பிழையின்றி எழுதுவர். அவர்களுள் ஒருவனுடைய பாட்டனார் என்றிக் எம்பரதோராக ஆடியவர். அவர் இன்னும் வரவு விருத்தம் முழுவதையும் மனத்தில் வைத்திருக்கிறார். பேரன் அதை ஒருநாளும் கேட்டதில்லை. பரீட்சைக்கு அது வராது என்றான். அடுத்த தவணை அக்கிழவரை வகுப்புக்கு அழைத்துவர அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மத்தளத்துக்கு வங்காலையிலிருந்து ஒருவர் வர ஒப்புக்கொண்டுள்ளார். எம்பரதோரின் அரசியாக ஆடுவதற்கு இம்முறை ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்.